பைக் ஸ்டாண்டு சத்தம் கேட்டால் டிவியை அணைக்கிற பையன்

கேள்வி:

டாக்டர், பெயர் போட வேண்டாம், திருப்பூர் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். ஒரே பையன், 15 வயது, பத்தாவது படிக்கிறான். அவனுக்கு 4 வயதிலிருந்து 12 வயது வரைக்கும் இவர் குடித்துவிட்டு வந்து என்னையும் அவனையும் அடிப்பார். பெல்ட்டால் அடித்திருக்கிறார். ஒரு மழை நாளில் ராத்திரி முழுக்க அவனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டார். குறுக்கே போனால் அவனுக்கு இன்னும் அதிகமாக விழும் என்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். 3 வருடமாக இவர் ஒரு சொட்டுக்கூடக் குடிப்பதில்லை, பையன் மேல் கை வைப்பதில்லை. ஆனால் இந்த ஒரு வருடமாகத்தான் அவன் சரியில்லை. ராத்திரி 2 மணி, 3 மணி வரை தூங்குவதில்லை. வாத்தியாரை எதிர்த்துப் பேசியதற்கு ஒரு வாரம் பள்ளிக்கு வரக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். என் போனைச் சுவரில் அடித்து உடைத்தான். இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். துவைக்கும்போது கைப்பக்கம் ரத்தக்கறை இருந்ததைப் பார்த்துக் கேட்டேன், பிளேடால் கீறிக்கொள்கிறான். அவர் பைக் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டால் இப்போதும் டிவியை அணைத்துவிட்டு உள்ளே போய்விடுவான். என் அண்ணன் ஒரு கண்டிப்பான ஹாஸ்டலில் சேர்க்கச் சொல்லி 5,000 ரூபாய் முன்பணமும் கட்டிவிட்டார். 3 மாதத்துக்கு நாங்கள் பார்க்கப் போகக் கூடாதாம். டாக்டரிடம் போனால் மாத்திரைக்கு அடிமையாகிவிடுவான், போலீஸ் கேஸ் ஆகும் என்கிறார்கள். அடிதான் எப்போதோ நின்றுவிட்டதே, இப்போது ஏன் இப்படிச் செய்கிறான்?

பதில்:

அம்மா, மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்தக் கீறலைப் பற்றிப் பேசிவிடலாம்.

அவனும் நீங்களும் மட்டும் வீட்டில் இருக்கிற நேரம் பார்த்து, நாளைக்குத் தள்ளாமல், நேராகவே கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று எல்லா அம்மாக்களும் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்த பிள்ளைக்கு அதில் ஒரு நிம்மதிகூட உண்டு. கீறிக்கொள்கிற பிள்ளைகளில் பலர் சாவதற்காகக் கீறுவதில்லை, உள்ளே தாங்க முடியாமல் ஏறுகிற ஒன்றை இறக்கிவைக்க அவர்களுக்குத் தெரிந்த வழி அது, கொஞ்ச நேரத்துக்கு இறங்கவும் செய்கிறது, அதனால்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். அதற்காக "சும்மா பயமுறுத்தறான்" என்று விடவும் முடியாது, ஏனென்றால் இப்படிக் கீறிக்கொள்கிறவர்கள் பின்னால் தற்கொலைக்கு முயல்கிற வாய்ப்பு மற்ற பிள்ளைகளைவிட அதிகம். "ஆமாம்" என்று சொல்லி, எப்படி என்பதையும் யோசித்து வைத்திருந்தான் என்றால் அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள். "இல்லை" என்று சொன்னாலும் வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டைகள், எலி மருந்து, பூச்சி மருந்து எல்லாவற்றையும் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள் அல்லது பூட்டி வையுங்கள். நடு ராத்திரியில் கை கால் ஓடவில்லை என்றால் 14416. டெலி மனஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டச் சொல்லித் தினமும் சோதனை போடாதீர்கள். ஆயின்மென்ட்டும் பஞ்சும் அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு நீளக் கடிதத்தில் பைக் ஸ்டாண்டு சத்தத்தைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரியிலேயே பாதி விஷயம் தெரிந்துவிட்டது.

அந்தச் சத்தத்தை அவன் 4 வயதில் பாடமாகப் படித்திருக்கிறான். வண்டி எந்த வேகத்தில் வந்து நின்றது, ஸ்டாண்டு ஒரே உதையில் விழுந்ததா, இரண்டு மூன்று தடவை தவறியதா, செருப்பைக் கழற்றினாரா உதறினாரா, கதவைத் தட்டினாரா தள்ளினாரா என்று இத்தனையையும் ஒரு நொடியில் கேட்டு, இன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று கணக்குப் போட்டுத்தான் 8 வருடம் அந்த வீட்டில் பிழைத்திருக்கிறான். நம் மூளையில் அமிக்டலா என்று பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது, ஆபத்து என்றால் மணியடிப்பது அதன் வேலை. யோசிக்கிற பகுதிக்கு விஷயம் போய்ச் சேருவதற்குள் மணி அடித்து, நெஞ்சு படபடத்து, கை கால் முறுக்கேறிவிடும். அப்பா குடியை விட்டுவிட்டார் என்பது உங்கள் மகனுக்கு நன்றாகவே தெரியும். அந்த மணிக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்படிப் பாருங்கள், மற்றதும் புரியும். வகுப்பில் வாத்தியார் குரலை உயர்த்துகிறார், அதே மணி அடிக்கிறது. சின்ன வயதில் ஒடுங்கி நின்றான், இப்போது 15 வயது, உடம்பு வளர்ந்துவிட்டது, எதிர்த்து நிற்கிறான். ராத்திரி தூங்காமல் என்னதான் செய்கிறான் என்று கேட்பீர்கள். அவனுக்கு அடி விழுந்ததெல்லாம் ராத்திரியில்தானே, காவல் இருக்கிறான். பாடத்தில் கவனம் இல்லை என்று பள்ளியில் சொல்வார்கள், யாராவது ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவுக் கோளாறு என்றுகூடச் சொல்லலாம், இருக்கலாம், ஆனால் வாசல் பக்கமே காது வைத்துக்கொண்டு வளர்ந்த பிள்ளைக்குப் பலகையில் கவனம் நிற்காதது வெளியிலிருந்து பார்க்க அச்சு அசலாக அப்படியேதான் இருக்கும். அதனால் எந்த டாக்டரிடம் போனாலும் வீட்டில் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் வேறு நோய்க்கு மருந்து வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

அடி நின்ற பிறகு ஏன்? என் அனுபவத்தில் இது விதிவிலக்கே இல்லை, அடி நின்று இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் பல பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள், கூட வருகிற பெற்றோரும் உங்களைப் போலவே "இப்பதான் எல்லாம் நல்லா இருக்கே" என்கிறார்கள். நல்லா இருப்பதால்தான். தினமும் அடி விழுகிற வீட்டில் ஒரு பிள்ளை கோபப்பட முடியாது, கோபப்பட்டால் சோறு போடுகிற கையையே பகைக்க வேண்டும். அதனால் எல்லாவற்றையும் விழுங்கி வைக்கிறது. இனிமேல் கோபப்பட்டாலும் உயிருக்கு ஆபத்தில்லை என்று அதற்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வெளியே கொட்டும். அதோடு இந்த வயதும் சேர்ந்துகொள்கிறது. எட்டு வயதில் "நான் கெட்ட பையன், அதான் அடி விழுது" என்று நம்பியவன், 14, 15 வயதில் மற்ற வீடுகளைப் பார்த்து "அப்படியில்லையே, எனக்கு ஏன் செஞ்சாங்க" என்று கேட்க ஆரம்பிக்கிறான். கேட்கத்தான் வேண்டும்.

ஒரு பெண் பிள்ளை ஞாபகம் வருகிறது, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். முதல் நாள் அறைக்குள் வந்ததும் நான் காட்டிய நாற்காலியில் உட்காராமல் அதைத் தூக்கிச் சுவரோரம் போட்டு, கதவைப் பார்த்த மாதிரி உட்கார்ந்து, பள்ளிப் பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். "மரியாதையே கிடையாது டாக்டர், பாருங்க" என்றார் அவள் அம்மா. மின்விசிறிச் சத்தத்தைத் தவிர அறையில் ஒன்றும் இல்லை, ஆனாலும் வெளியே யாராவது நடந்தால் அவள் கண் போய்ப் போய் வந்தது. நான்காவது தடவை வந்தபோது பை தரைக்கு இறங்கியது. அன்றைக்குத்தான் நான் பெரிய சங்கதி எதையும் முதல் முறையாகக் கேட்டேன்.

இனி உங்கள் அண்ணன். அவருக்குக் கெட்ட எண்ணம் இருக்காது, "அடியாத மாடு படியாது" என்று கேட்டு வளர்ந்த தலைமுறை, நானும் அதே தலைமுறைதான். ஆனால் இந்தப் பையனுக்கு அடி குறைந்துபோய் வந்த வியாதி இல்லையே அம்மா, அடியால் வந்ததுதானே. பிரம்பும் விசிலும் வைத்து, போனைப் பிடுங்கி, 3 மாதம் அம்மா முகத்தைக் காட்டாமல் வைத்தால் அவன் நிச்சயம் அடங்குவான், 4 வயதில் அடங்கிய மாதிரி. ராத்திரி முழுக்க வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியதை நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். அதையே மறுபடியும் செய்யப்போகிறோம், இந்தத் தடவை நீங்களும் சேர்ந்து கதவைச் சாத்தினதாக அவன் எடுத்துக்கொள்வான். இது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை. அமெரிக்காவில் அடங்காத பிள்ளைகளைச் சீர்திருத்துகிறோம் என்று விடுதிகளும் காட்டு முகாம்களும் பெரிய வியாபாரமாகவே நடந்தன. அப்படி ஒன்றில் அடைக்கப்பட்டிருந்த டிவி பிரபலம் பாரிஸ் ஹில்டன் பிற்பாடு நாடாளுமன்றம் வரைக்கும் போய்த் தனக்கு நடந்ததைச் சொன்னார், 2024 டிசம்பரில்தான் இந்த இடங்களில் நடப்பதை ஆராயச் சொல்லி ஒரு சட்டம் வந்தது.

நம் சட்டம் இந்த விஷயத்தில் நன்றாகவே இருக்கிறது, படிக்கிறவர்கள்தான் குறைவு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, 18 வயதுக்குக் குறைந்த ஒரு பிள்ளையை மனநல மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டுமென்றால்கூட இரண்டு பேர் தனித்தனியே பரிசோதித்து இது தேவை என்று சொல்ல வேண்டும், பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, பெற்றோரோ அவர்கள் ஏற்பாடு செய்த ஒருவரோ கூடவே தங்க வேண்டும். முழு மருத்துவமனைக்கே விதி இப்படி இருக்கும்போது, பார்க்கவே வராதே என்று சொல்கிற இடம் என்ன இடம் என்று நீங்களே யோசியுங்கள்.

மருத்துவமனைக்கு எங்கே போவது என்றால், உங்களுக்குக் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான், மனநலப் பிரிவு ஓ.பி.யில் சீட்டு போடுங்கள், காசு செலவில்லை, ஒரு நாள் சம்பளம் மட்டும் போகும். முதல் நாள் கூட்டமாக இருக்கும், பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள் என்று மனம் விட்டுவிடாதீர்கள், பையனைத் தனியாகக் கொஞ்ச நேரம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இதைத் தயங்காமல் கேட்கலாம், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க எந்தப் பையனும் வாய் திறக்க மாட்டான். அந்தத் தனி நேரத்தில் டாக்டர் பாலியல் தொல்லை ஏதாவது நடந்ததா என்றும் கேட்பார், பதறாதீர்கள், எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்க வேண்டிய கேள்வி. மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில் மூன்றில் இரண்டு குழந்தைகள் அடி வாங்கியிருந்தார்கள், பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளாகியிருந்தார்கள், அதில் பாதிக்கு மேல் பையன்கள். பையனுக்கு அதெல்லாம் நடக்காது என்று நினைத்துக்கொண்டுதான் யாரும் கேட்பதில்லை.

அடுத்து பேச்சுச் சிகிச்சை. இதற்கென்றே மனக்காயத்தை மையமாக வைத்த ஒரு முறை உண்டு, டி.எஃப்.சி.பி.டி. என்பார்கள், பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள். எடுத்ததும் "என்ன நடந்துச்சு, சொல்லு" என்று ஆரம்பிக்க மாட்டார்கள், ஆரம்பித்தால் அந்த ஆளை விட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். முதலில் அந்த மணி என்றால் என்ன, அது அடிக்கும்போது உடம்பில் எங்கெங்கே தெரிகிறது, மூச்சை வைத்து அதை எப்படித் தணிப்பது என்று கற்றுக்கொடுப்பார்கள். பிள்ளைக்குக் கைவந்த பிறகுதான் நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல, எழுத, வரைய வைப்பார்கள். பையை மடியில் வைத்திருந்த அந்தப் பெண் ஒரு வாரம் முழுக்க எழுதிக்கொண்டு வந்தது ஒரே ஒரு வரி, அதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில். இந்தச் சிகிச்சையில் அடிக்காத பெற்றோரையும் சேர்த்து உட்கார வைப்பார்கள், அதாவது உங்களை. இதில் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள் நம் ஊரில் குறைவுதான், அதற்காகப் போர்டு மாட்டியவர்களிடமெல்லாம் போகாதீர்கள், கவுன்சிலர் என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்கிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும், கேட்டால் சொல்வார்கள்.

மாத்திரை பயத்துக்கு வருவோம். நடந்த கொடுமையின் நினைவுக்கு மாத்திரை கிடையாது. கூடவே கடுமையான மனச்சோர்வு இருந்தால் ஃப்ளுவாக்ஸெடின் மாதிரி ஒன்றைக் கொடுக்கலாம், அது போதையோ பழக்கமோ ஆகாது, ஆனால் இந்த வயதில் ஆரம்பித்த முதல் சில வாரங்களில் படபடப்போ சாகிற எண்ணமோ கூடுகிறதா என்று பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும், நல்லா ஆயிட்டான் என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது. அடிமையாக்குகிற மாத்திரை வேறு, தூக்கம் வர மெடிக்கலில் யாரோ சொல்லி வாங்குகிற அல்ப்ரசோலம் வகை. அதைத்தான் வீட்டுக்குள் விடாதீர்கள்.

போலீஸ் கேஸா என்றால், மகனுக்கு வைத்தியம் பார்க்கப் போனதற்காக யாரும் உங்கள் வீட்டு வாசலுக்கு வரப்போவதில்லை. தற்கொலைக்கு முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதித் தண்டிக்காமல் விட வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. ஒரே விதிவிலக்கு பாலியல் குற்றம்: அது தெரிய வந்தால் டாக்டர் உட்பட யாராக இருந்தாலும் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கணவர் அந்த 8 வருடம் செய்தது குடும்ப விஷயம் இல்லை, 2015 இளைஞர் நீதிச் சட்டம் 75ஆம் பிரிவில் அதற்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. மறுபடியும் கை ஓங்கினால் குழந்தைகள் உதவி எண் 1098, பையனே கூப்பிடலாம், அந்த எண் அவனுக்குத் தெரிந்திருக்கட்டும்.

அவர் குடியை விட்டது பெரிய காரியம், எத்தனை பேரால் முடிகிறது. ஆனால் "நான்தான் திருந்திட்டேனே, இன்னும் என்ன" என்ற நினைப்பில் அவர் இருக்கிறார் என்று கடிதத்தின் போக்கிலிருந்தே ஊகிக்கிறேன். திருந்தியதைப் பையன் பார்த்துவிட்டான், நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து கேட்கவில்லை. சிகிச்சை தொடங்கி, இப்போது சொல்லலாம் என்று உளவியலாளர் சொல்கிற சமயத்தில் அவர் சொல்ல வேண்டும்: "உன்னை பெல்ட்டால அடிச்சது, மழையில வெளிய நிறுத்தினது, எல்லாம் என் தப்பு. நீ எதுவும் பண்ணலை." இவ்வளவுதான். என் அப்பாவும் என்னை அடித்தார், குடிதான் காரணம், மன்னிச்சிடு கண்ணு, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். மன்னிக்கச் சொல்வதுகூடப் பையன் தலையில் வைக்கிற இன்னொரு சுமை. அவன் பதில் சொல்லாமல் எழுந்து போனாலும் அப்படியே விட்டுவிட வேண்டும்.

அதுவரைக்கும் அவரால் தினமும் செய்ய முடிந்த ஒன்று உண்டு. தெரு முனையில் வண்டியை நிறுத்தி ஒரு போன்: "வந்துட்டிருக்கேன், பரோட்டா வாங்கவா?" அப்புறம் வீட்டு வாசலில் ஸ்டாண்டு. சத்தத்துக்கு முன்னால் இந்தக் குரல் வரட்டும், மாதக்கணக்கில் வரட்டும். டிவியை அவன் அணைத்தால் அணைக்கட்டும், "ஏன்டா ஆஃப் பண்ற, நான் என்ன பண்ணிடுவேன்" என்று கேட்காமல் இருந்தாலே போதும். அந்த பெல்ட் இன்னும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறதா என்று பாருங்கள், பல வீடுகளில் தொங்குகிறது.

"வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் அடி வாங்கியவர்தான் அம்மா, ஓ.பி.யில் உங்களுக்கும் ஒரு சீட்டு போடுங்கள். மகனிடம் அழுது மன்னிப்புக் கேட்க வேண்டாம், அப்புறம் அவன் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும், அந்த வேலையை அவன் ஏற்கனவே நிறையச் செய்திருப்பான். அமெரிக்காவில் 9,500 பேருக்கு மேல் விசாரித்து 1998இல் வெளியிட்ட ஆய்வு, சிறு வயதில் இப்படிப்பட்ட கொடுமைகள் நான்கு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்குக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி எல்லாம் 4 முதல் 12 மடங்கு கூடுதல் என்று காட்டியது, அதை இணையத்தில் படித்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்காருகிற பெற்றோரைப் பார்க்கிறேன். அவர்களிடம் ஹவாய் தீவு ஆய்வையும் சொல்வேன். காவாய் என்ற சின்னத் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்பவர் நடுவயது வரை தொடர்ந்து பார்த்தார். குடி, சண்டை, வறுமை என்று மிக மோசமான வீடுகளில் பிறந்த பிள்ளைகளில்கூட மூன்றில் ஒரு பங்கு நல்லபடியாகவே வந்தார்கள், அவர்களுக்கு நம்பி ஒட்டிக்கொள்ள ஒரு பெரியவராவது இருந்தார், பாட்டியோ அத்தையோ பக்கத்து வீட்டுக்காரரோ யாரோ ஒருவர். மூன்று வருடம் கழித்தும் சட்டைக் கையில் இருந்த கறையைப் பார்த்து இந்தக் கடிதத்தை எழுதிய ஆள் அந்த வீட்டில் இருக்கிறார்.

பத்தாவது பரீட்சையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, மனதில் இருக்கும். எழுதுகிற வரை எழுதட்டும், போனால் துணைத்தேர்வு இருக்கிறது. பள்ளியில் வகுப்பாசிரியர் ஒருவரிடம் மட்டும், முழுக் கதையும் வேண்டாம், "வைத்தியம் பார்க்கிறோம், குரலை உயர்த்தாமல் பேசுங்கள், முடியவில்லை என்றால் ஐந்து நிமிடம் வெளியே போய்வர விடுங்கள்" என்று கேட்டு வையுங்கள்.

அந்த 5,000 ரூபாய் திரும்பி வருமா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். வராது என்றால் அண்ணனோடு அதற்காகச் சண்டை போடாதீர்கள், போகட்டும். திங்கட்கிழமை ஓ.பி.யில் கூட்டம் அதிகம், முடிந்தால் செவ்வாயோ புதனோ காலையில் சீக்கிரமே போய்விடுங்கள்.